கால்பந்து ஆட்டத்துக்காக ஒரு போர் மூளுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘போர்கள் ஏன் மூள்கின்றன?’ என்ற பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறாள். 1969இல் மத்திய அமெரிக்காவின் அண்டை நாடுகளான எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் ஒரு கால்பந்து ஆட்டத்துக்காகப் போரிட்டன என்று எழுதியிருக்கிறாள். அது சரிதானா? ஒரு போருக்கு உண்மையான காரணம் எது என்று எப்படித் தேடச் சொல்வது?

பதில்: ஆட்டமும் உண்மை, போரும் உண்மை. 1970 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், 1969 ஜூன் 8 அன்று தன் தலைநகர் தெகுசிகல்பாவில் ஹோண்டுராஸ் 1-0 என வென்றது. ஒரு வாரம் கழித்து தன் தலைநகர் சான் சால்வடாரில் எல் சால்வடார் 3-0 என வென்றது. மெக்சிகோ நகரில் நடந்த மூன்றாவது ஆட்டத்தையும் அதுவே வென்றது. ஜூலை 14 அன்று அதன் விமானங்கள் ஹோண்டுராஸில் குண்டு வீசின, தரைப்படை எல்லையைத் தாண்டியது. சுமார் நூறு மணி நேரம் சண்டை. இறந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள் அல்ல, ஊர் மக்கள். அவர்கள் ஒரு ‘கோலுக்காக’ செத்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. அந்தப் பழம் எப்படிக் கனிந்தது என்றுதான் உங்கள் மகள் தேட வேண்டும்.

வரைபடத்தை விரித்து வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். ஹோண்டுராஸ், எல் சால்வடாரைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் மக்கள்தொகை எல் சால்வடாரில்தான் அதிகம். அங்கே பிழைக்க வழியில்லாத விவசாயிகள், வாழைத் தோட்ட வேலைக்கும் காலி நிலத்துக்கும் பல பத்தாண்டுகளாக ஹோண்டுராஸுக்குப் போய்க் குடியேறினார்கள். 1969 வாக்கில் அவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘மக்கள்தொகை பெருகியது, அதனால் போர் வந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. அது கால்பந்துக் கதையைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எல் சால்வடாரில் நல்ல நிலமெல்லாம் காப்பி, பருத்தி முதலாளிகளான சில குடும்பங்களின் கையில் இருந்தது. ஆள் அதிகம் என்பதைவிட, நிலம் யாரிடம் இருந்தது என்பதே பெரிய கேள்வி. ஹோண்டுராஸிலும் இதே கதைதான். அங்கே உள்ளூர் விவசாயிகள் நிலம் கேட்டுப் போராடினார்கள். பெரும் பண்ணைகளிலும் அமெரிக்க வாழைக் கம்பெனிகளின் நிலத்திலும் கைவைக்க அரசுக்குத் துணிவில்லை. 1962இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், ஹோண்டுராஸில் பிறந்தவர்களுக்கே நிலம் என்றது. 1963இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த லோபஸ் அரெயானோவின் அரசு, நெருக்கடி முற்றியதும் அந்த விதியைக் கையில் எடுத்தது. 1969இல் சால்வடார் குடும்பங்கள் உழுத நிலத்தை விட்டு விரட்டப்பட்டன. பண்ணையாருக்கு நிலம் தப்பியது, விவசாயியின் கோபம் பக்கத்து வயல்காரன் மேல் திரும்பியது. இந்த ஒரு இடத்தில் உங்கள் மகள் நிதானமாக நின்று பேசலாம். கேட்பவர்களுக்கு விஷயம் பிடிபடுவது இங்கேதான்.

அப்புறம் வேறு சில விறகுகளும் இருந்தன. எல்லை பல இடங்களில் வரையறுக்கப்படாமலே கிடந்தது. அந்த வட்டார நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான மத்திய அமெரிக்கப் பொதுச் சந்தையில் சால்வடார் சரக்குகள் ஹோண்டுராஸ் கடைகளை நிறைத்தது அங்கே எரிச்சலை வளர்த்தது.

சரி, இத்தனையும் இருந்தால் போர் வந்தே தீருமா? இல்லை. விரட்டப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பியபோது, அவர்களுக்குக் கொடுக்க எல் சால்வடாரில் நிலமில்லை. கொடுக்க மனமும் இல்லை. அதிபர் சான்செஸ் எர்னாண்டஸ் படையை அனுப்பினார். அது தானாக நடந்தது அல்ல, ஒருவர் எடுத்த முடிவு. காரணம் வேறு, முடிவு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இதற்காக ஆட்டத்தைப் பேச்சிலிருந்து நீக்க வேண்டாம். மைதானத்தில் நடந்த கைகலப்புகளைப் பத்திரிகைகளும் வானொலியும் ஊதிப் பெரிதாக்கின. போருக்கு ஊரைத் தயார்படுத்த அது உதவியது. எந்தப் போரை எடுத்தாலும் அவள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: உடனடிச் சம்பவத்தை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சுகிறது? இங்கே ஆட்டங்களை நீக்கினாலும் விரட்டப்பட்ட குடும்பங்கள் அப்படியே நிற்கின்றன. இன்னொரு சோதனை, போர் முடிந்த பிறகு எது தீராமல் கிடந்தது என்று பார்ப்பது. இரு நாடுகளும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1980 ஆனது. எல்லை வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1992இல். நிலப் பிரச்சினையோ எல் சால்வடாரை ஒரு நீண்ட உள்நாட்டுப் போருக்கே இழுத்துச் சென்றது.

ஐந்து நிமிடப் பேச்சு என்றால், முதல் வரியில் 1969 ஜூன் 8 வேண்டாம். 1962இல் வந்த அந்தச் சட்டத்திலிருந்து தொடங்கட்டும்.