கெமிக்கல் பிளான்ட் சேஃப்டி ட்ரெயினிங்: கேளுங்க, சொல்றேன்

ப்ரொடக்‌ஷன்ல ஷிப்ட் பார்த்துட்டு அப்புறம் ட்ரெயினிங் பக்கம் வந்தவன் நான். கேள்வி அனுப்பின எல்லாருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன், சிலதுக்கு நீளமா பதில் இருக்கும், சிலதுக்கு ரெண்டு வரிதான், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, ட்ரெய்னி ஆபரேட்டரா புதுசா சேர்ந்திருக்கேன். இன்டக்‌ஷன்ல ஒரே நாள்ல ஸ்லைடா ஓட்டித் தள்ளிட்டாங்க, ஒண்ணும் மண்டையில நிக்கல. முதல்ல எதைக் கத்துக்கணும்?

பதில்: ஸ்லைடை விடு தம்பி, அப்புறம் பாத்துக்கலாம். நீ நிக்கிற இடத்துல இருந்து சேஃப்டி ஷவருக்கும் ஐவாஷுக்கும் (கண் கழுவற குழாய்) கண்ணை மூடிக்கிட்டே போக முடியுதான்னு ஒருத்தரைத் துணைக்கு வச்சுக்கிட்டு நடந்து பாரு. காஸ்டிக் (காஸ்டிக் சோடா மாதிரி காரம்) கண்ணுல தெறிச்சா உன்னால கண்ணைத் திறக்கவே முடியாது, அப்ப போர்டு எங்க இருக்குன்னு தேட முடியாது இல்ல. ஐவாஷுக்கான அமெரிக்க ஆன்சி தரத்துல 10 செகண்டுல போய்ச் சேரணும்னு இருக்கு, வழியில கதவோ படியோ டிரம்மோ நிக்கக் கூடாது. அடுத்தது அலாரம். தீக்கு ஒரு சத்தம், கேஸ் லீக்குக்கு ஒரு சத்தம், எல்லாம் சரியாயிடுச்சுன்னா ஒரு சத்தம், மூணையும் காதுல ஏத்திக்க. அப்புறம் விண்ட்சாக்கை (காத்து வீசற திசை காட்டற துணிக்குழாய்) பார்க்கிற பழக்கம். கேட்டுக்குள்ள நுழையும்போதே தலை தானா அங்க திரும்பணும். கேஸ் வந்தா காத்துக்குக் குறுக்கால ஓடி மேகத்தை விட்டு வெளிய வா, அதுக்கப்புறம் காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கம் போ. "எதிர்காத்துல ஓடு"ன்னு மட்டும் சொல்லிக் குடுக்கிறாங்க, லீக்கு உனக்கு நேர் எதிர்ல இருந்தா நீ அதுக்குள்ளேயேதான் ஓடுவே.

கேள்வி: கண்ணை 15 நிமிஷம் கழுவணும்னு சொல்றாங்களே, அவ்வளவு நேரம் உண்மையிலேயே வேணுமா? ரெண்டு நிமிஷத்துல எரிச்சல் போயிடுதே.

பதில்: வேணும். ஆசிட் பட்டா மேல இருக்கிற புரதம் உறைஞ்சு ஒரு தடுப்பு மாதிரி ஆகும், அதனால ஓரளவு அங்கேயே நிக்கும். காஸ்டிக் அப்படி இல்ல, கொழுப்பை சோப்பாக்கிக் கரைச்சுக்கிட்டே உள்ள இறங்கும், எரிச்சல் அடங்கினதும் முடிஞ்சதுன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. ட்ரெயினிங்ல ஒரு தடவையாவது ஆளை நிறுத்தி 15 நிமிஷம் தண்ணியை ஓட விடுங்க, அப்பதான் எவ்வளவு நீளமான நேரம்னு புரியும். இமையை ரெண்டு விரலால விரிச்சுப் பிடிக்கணும், வலியில தன்னால பிடிக்க முடியாதவனுக்கு இன்னொருத்தன் பிடிக்கணும், இதையும் பழக்கணும். தண்ணி 16ல இருந்து 38 டிகிரிக்குள்ள இருக்கணும்னு அதே ஆன்சி தரம் சொல்லுது, ஐஸ் மாதிரி இருந்தா யாரும் நிக்க மாட்டான். வாரம் ஒரு தடவை திறந்து ஓட விடாத ஐவாஷ்ல முதல்ல வர்றது துருத்தண்ணி. காஸ்டிக் பட்டதுக்கு வினிகர் ஊத்தறேன்னு யாராவது கிளம்பினா கையைப் பிடிச்சு நிறுத்துங்க.

கேள்வி: சார், டேங்க் கிளீனிங்குக்கு உள்ள போனவர் மயங்கி விழுந்துட்டா, வெளிய காவல் நிக்கிறவர் என்ன செய்யணும்? எங்க ட்ரெயினிங் நோட்டுல "உடனே காப்பாற்றவும்"னு மட்டும்தான் இருக்கு.

பதில்: அந்த வரியை இன்னைக்கே அடிச்சுடுங்க. வெளிய நிக்கிறவர் உள்ள போகவே கூடாது, அவருக்குச் சொல்லிக் குடுக்க வேண்டிய முதல் பாடம் அதுதான். அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நியோஷ் 1986ல விட்ட எச்சரிக்கையில, இந்த மாதிரி மூடின இடங்கள்ல செத்தவங்கள்ல 60%க்கு மேல காப்பாத்தப் போனவங்கதான்னு எழுதியிருந்தாங்க. கூட டீ குடிச்சவன் கண் முன்னாடி சுருண்டு விழறப்ப யாருக்கு யோசிக்கத் தோணும், மூச்சை அடக்கிக்கிட்டு சட்டுனு தூக்கிட்டு வந்துடலாம்னு இறங்கிடறாங்க, ஆனா சுயநினைவு இல்லாத ஆளை மேன்ஹோல் வழியா தூக்கறது மூச்சடக்கிச் செய்ற வேலையா, பாதியில ஒரு மூச்சு இழுத்தா முடிஞ்சது.

நைட்ரஜன் பர்ஜ் பண்ணின (நைட்ரஜனை விட்டு உள்ள இருந்ததை வெளியேத்தின) வெசல்னா இன்னும் மோசம். வாசனை இல்ல, நிறம் இல்ல, மூச்சுத் திணறல்கூட தெரியாது. நம்ம உடம்பு "மூச்சு முட்டுது"ன்னு கத்தறது கார்பன் டை ஆக்சைடு ஏறினாதான், ஆக்சிஜன் குறையறதை அது பெருசா கண்டுக்கிறதே இல்ல. ஒண்ணு ரெண்டு மூச்சுல ஆள் காலி. அமெரிக்காவுல 1992ல இருந்து 2002க்குள்ள நைட்ரஜனால மட்டும் 80 பேர் செத்ததா அங்க இருக்கிற கெமிக்கல் சேஃப்டி போர்டு கணக்கு எடுத்திருக்கு.

அதனால உள்ள போறவருக்கு ஹார்னஸ் (உடம்புல கட்டற பெல்ட்) போட்டு, கயிறை மேல முக்காலி ஸ்டாண்டுல இருக்கிற வின்ச்சுல (கயிறைச் சுத்தி இழுக்கிற கருவி) மாட்டினதுக்கு அப்புறம்தான் இறங்கணும். விழுந்தா வெளிய இருந்தே சுத்தி மேல இழுக்கலாம், ரேடியோல ரெஸ்க்யூ டீமைக் கூப்பிடலாம். ஒரு மணல் மூட்டை பொம்மையை உள்ள போட்டு இதை நிஜமாவே இழுக்கச் சொல்லுங்க. எத்தனை இடத்துல வின்ச் ஹேண்டில் துருப்பிடிச்சு சுத்த மாட்டேங்குதுன்னு அப்பதான் வெளிய வரும்.

கேள்வி: அதே விஷயம்தான், கேஸ் டெஸ்ட் காலைல எடுத்தாச்சு, மதியமும் அதே பர்மிட்ல (உள்ள போற அனுமதிச் சீட்டு) உள்ள போலாமா?

பதில்: கூடாது. அடியில கிடக்கிற ஸ்லட்ஜை (கசடு) கிளறினாலே ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், காலைல எடுத்த ரீடிங் மதியத்துக்குச் செல்லாது, மீட்டர் உள்ள போறவர் மேலயே ஓடிக்கிட்டு இருக்கணும். டெஸ்ட் பண்ற வரிசையும் முக்கியம். முதல்ல ஆக்சிஜன் (19.5%ல இருந்து 23.5%க்குள்ள), அப்புறம் எரியற கேஸ் (எல்இஎல், அதாவது தீப்பிடிக்கத் தேவையான குறைஞ்ச அளவுல 10%க்குக் கீழ), அப்புறம் விஷ கேஸ். ஆக்சிஜன் ஏன் முதல்லன்னா, எரியற கேஸைப் பார்க்கிற சாதாரண சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேணும், அது இல்லாத இடத்துல சைபர் காட்டிட்டு நிக்கும். மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் எடுக்கணும். "அழுகின முட்டை வாசனை வந்தா வெளிய வந்துடுவேன்"னு சொல்றவங்களுக்கு: ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கு மரத்துடும். வாசனை நின்னுபோச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

கேள்வி: கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டா எங்க வேணா போலாம்தானே?

பதில்: இல்லவே இல்ல. கார்ட்ரிட்ஜ் வடிகட்டும், ஆக்சிஜனை உண்டாக்காது. ஆக்சிஜன் குறைஞ்ச இடம், என்ன கேஸ்னே தெரியாத இடம் எல்லாத்துக்கும் எஸ்சிபிஏ (முதுகுல காத்து சிலிண்டரோட வர்ற மாஸ்க்), இல்ல ஏர்லைன் (வெளிய இருந்து குழாய்ல காத்து வர்ற மாஸ்க்). கலரை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, அமெரிக்கத் தரத்துல கரிம ஆவிக்கு கறுப்பு, ஐரோப்பாவுல அதுக்கே பிரவுன், லேபிளைப் படிக்கணும். அப்புறம் தாடி. ஸ்டைலா இருக்கலாம், ஆனா ஓரத்துல சீல் பிடிக்காது, அந்த இடைவெளியிலதான் கேஸ் உள்ள வரும்.

கேள்வி: டிரம்ல வைர வடிவ ஸ்டிக்கர்ல 4னு இருந்தா ஆபத்து, எஸ்டிஎஸ்ல (கெமிக்கலோட பாதுகாப்பு விவரத் தாள்) கேட்டகரி 1னு இருந்தா ஆபத்து கம்மி, சரிதானே மேஸ்திரி?

பதில்: தப்பு, இதுல மாட்டாத ஆளே இல்ல. வைரத்துல (அமெரிக்கத் தீ பாதுகாப்பு அமைப்போட என்எஃப்பிஏ 704 தரம்) 4தான் மோசம், எஸ்டிஎஸ்ல வர்ற ஜிஎச்எஸ் (ஆபத்தை வகை பிரிக்கிற உலகப் பொது முறை) கேட்டகரில 1தான் மோசம். அப்படியே தலைகீழ். எஸ்டிஎஸ் 16 பகுதியையும் ஆபரேட்டர் படிக்கணும்னு நான் எதிர்பார்க்க மாட்டேன். 4, 8, 10 மூணும் போதும். முதலுதவி, எதைப் போட்டுக்கணும், எதோட சேரக் கூடாது.

கேள்வி: டேங்கர் அன்லோடிங்ல இருக்கேன். டிரைவரே ஹோஸ் மாட்டிக்கிறார், எனக்கு என்ன ட்ரெயினிங் தேவைப்படப் போகுது?

பதில்: ஐயோ, அங்கதான் ரொம்பத் தேவை. 2016 அக்டோபர்ல, அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்து ஆட்சிசன் ஊர்ல ஒரு பிளான்ட்டுக்கு சல்ஃப்யூரிக் ஆசிட் டேங்கர் வந்துச்சு. ஆசிட் லைனும் சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) லைனும் கிட்டக் கிட்ட, பாக்க ஒரே மாதிரி, ஒழுங்கா லேபிளும் இல்ல. ஹோஸ் ஹைப்போ லைன்ல மாட்டிடுச்சு, ரெண்டும் கலந்து குளோரின் மேகமா கிளம்பி 140 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், தரையோட தரையா நகரும். டிரைவருக்கு உங்க பிளான்ட் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பேப்பர்ல இருக்கிற பேரு, டேங்கர்ல ஒட்டியிருக்கிற பேரு, லைன்ல எழுதியிருக்கிற பேரு, மூணையும் விரலை வச்சு சத்தமா படிங்க, அப்புறம்தான் லைன் வாய்ல இருக்கிற பூட்டைத் திறக்கணும். பூட்டே இல்லைன்னா அதைத்தான் முதல்ல கேளுங்க.

கேள்வி: ஃபிட்டர் நான். லைன் டிரெயின் பண்ணியாச்சுன்னு (உள்ள இருக்கிறதை வடிச்சாச்சுன்னு) ப்ரொடக்‌ஷன்ல சொன்னா நம்பி பிளேஞ்சை (ரெண்டு பைப்பை போல்ட் போட்டு இணைக்கிற இடம்) திறக்கலாமா?

பதில்: நம்புங்க, ஆனா உள்ள இன்னும் இருக்குன்னு நினைச்சே திறங்க. பிரஷர் கேஜ் சைபர் காட்டறது அதோட டேப்பிங் (லைன்ல இருந்து கேஜுக்கு வர்ற சின்ன வழி) அடைச்சிருக்கிறதாலயும் இருக்கலாம். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற போல்ட்டை முதல்ல லூஸ் பண்ணுங்க, கழட்டாதீங்க, நட்டு மேலேயே இருக்கட்டும். லேசா ஆப்பு வச்சா கேஸ்கெட் (நடுவுல சீல் பண்ற வளையம்) விலகும், மிச்சம் இருக்கிறது அந்தப் பக்கம் கசியும், உங்க முகத்துக்கு வராது. கக்கினா திரும்ப இறுக்கிடலாம். வேலை முடியற வரைக்கும் வேற யாரும் ஓட்டிடாம இருக்க ஸ்விட்ச்லயும் வால்வுலயும் போடறது உங்க பூட்டு, உங்க சாவி, உங்க பாக்கெட்ல. பம்ப்னா ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்து ஓடலைன்னு உறுதி பண்ணாம கை வைக்காதீங்க.

கேள்வி: லேப்ல ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் வச்சிருக்கோம் அண்ணா. சாதாரண ஆசிட் ட்ரெயினிங் போதுமா?

பதில்: போதாதும்மா. நீர்த்த ஆசிட்னா பட்ட உடனே வலிக்காது, சில மணி நேரம் கழிச்சுதான் தெரியும், அதுக்குள்ள உள்ள இறங்கி ரத்தத்துல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சிடும், இதயம் வரைக்கும் பாதிக்கும். 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டற இடத்துல, காலாவதி தேதி பார்த்து இருக்கணும். அது இல்லாத அன்னைக்கு பாட்டிலைத் திறக்காதே.

கேள்வி: எங்க காண்ட்ராக்ட் ஆளுங்க நிறைய பேருக்கு எழுத்துப் படிக்க வராது. கையெழுத்து வாங்கி ஃபைல்ல வச்சிடறோம். ஆடிட்ல கேள்வி வரல.

பதில்: ஆடிட்ல வராது சார், லீக்கானா வரும். கையெழுத்து ட்ரெயினிங்குக்கு சாட்சி இல்ல, ரூம்ல உக்கார்ந்திருந்ததுக்குத்தான் சாட்சி. "புரிஞ்சுதா?"ன்னு கேட்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. "செஞ்சு காட்டுங்க"ன்னு சொல்லுங்க. மாஸ்க்கை மாட்டி ரெண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால மூடி மூச்சை இழுக்கச் சொல்லுங்க, முகத்தோட ஒட்டலைன்னா சீல் இல்லைன்னு அவரே சொல்லுவார். படிக்கத் தெரியாதவர் ரொம்ப அழகா செய்வார், என்ஜினியர்தான் ஸ்டிராப்பைத் தலைகீழா மாட்டுவார், பார்த்திருக்கேன்.

கேள்வி: வேலையை நிறுத்தற உரிமை உனக்கு இருக்குன்னு ட்ரெயினிங்ல சொல்றாங்க, ஷிப்ட்ல நிறுத்தினா திட்டு வாங்கறேன். என்ன பிரயோஜனம்?

பதில்: அப்ப ட்ரெயினிங் தேவைப்படறது உனக்கில்ல, உன் சூப்பர்வைசருக்கு. 1988ல வடகடல்ல இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில ஒரு பம்போட சேஃப்டி வால்வை ரிப்பேருக்குக் கழட்டியிருந்தாங்க, அந்தத் தகவல் அடுத்த ஷிப்ட்டுக்கு ஒழுங்கா போய்ச் சேரல, ராத்திரி அதே பம்பை ஓட்டிட்டாங்க, கசிஞ்சு வெடிச்சு 167 பேர் செத்துப் போயிட்டாங்க. போபால்ல 1984ல ஆளையும் ட்ரெயினிங்கையும் வெட்டியிருந்தாங்க, குளிர்விக்கிற யூனிட் ஆஃப்ல இருந்துச்சு, ஃப்ளேர் (வெளியேற கேஸை எரிக்கிற உயரமான குழாய்) வேலை செய்யல. ரெண்டுலயும் கடைசியா வால்வ் பக்கம் நின்ன ஆபரேட்டரோட அறிவை மட்டும் குறை சொல்ல முடியாது. நடைமுறையில ஒண்ணு செய்: நிறுத்தும்போது வாயால மட்டும் சொல்லாம லாக்புக்ல நேரம் போட்டு "இந்தக் காரணத்துக்காக நிறுத்தினேன், இன்னாரிடம் சொன்னேன்"னு எழுதிடு. எழுதினதுக்கு அப்புறம் "பரவாயில்ல ஓட்டு"ன்னு சொல்ற ஆள் குறைவு.

கேள்வி: மாக் டிரில் (ஆபத்து ஒத்திகை) எங்களுக்கு முன்னாடியே தேதி தெரியும், எல்லாரும் ஷூ பாலிஷ் போட்டு நிப்போம். மாத்தணுமா?

பதில்: ராத்திரி ஷிப்ட்ல, சொல்லாம, அதுவும் இன்சார்ஜ் ஆள் லீவுல இருக்கும்போது ஒண்ணு நடத்துங்க. அசெம்ப்ளி பாயின்ட் (ஆபத்துல எல்லாரும் வந்து கூடற இடம்) கேஸ் அடிச்சுட்டுப் போற பக்கம் விழுந்தா ரெண்டாவது எதுன்னு அப்ப கேட்டுப் பாருங்க.

கேள்வி: வேலை யூனிஃபார்மை வீட்டுல துணியோட சேர்த்து துவைக்கலாமா?

பதில்: வேணாம். ஈயம் மாதிரி தூசு துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து குழந்தைங்க வரைக்கும் போயிருக்கு. கம்பெனி லாண்டரி கேளுங்க, பிளான்ட்லயே குளிச்சு மாத்திக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற வழி இல்லைன்னா தனி பையில கொண்டு வந்து, உதறாம தனியா துவைச்சு, மெஷினை ஒரு தடவை வெறும் தண்ணில ஓட விட்டுடுங்க. ஷூவை வாசலுக்கு உள்ள கொண்டு வராதீங்க.