இடது காலுக்கு என்ன வேலை?

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: கரடுமுரடான பாதைக்கு ஆட்டோமேட்டிக் நல்லதா, மேனுவலா? அதனால் இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: 12 வருடங்களாக மேனுவல் கார் ஓட்டுகிறேன். மலைப்பாதை, மணல், ஆற்றுப்படுகை என்று சுற்றுவதற்காக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கப் போகிறேன். என் மனைவியும் ஓட்டுவார். இருவருக்குமே இந்த மாதிரிப் பாதை புதிது. "ஆஃப்ரோடு என்றால் மேனுவல்தான், ஆட்டோமேட்டிக் எல்லாம் ஓட்டத் தெரியாதவர்களுக்கு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் முடிவு என்ன?

ஆட்டோமேட்டிக் வாங்குங்கள்.

நான் ஓட்டிப் பழகியது மேனுவலில்தான், இன்றும் என் சொந்த வண்டி மேனுவல்தான். அப்படியிருந்தும் இதைச் சொல்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 12 வருடப் பழக்கம். அது துணைக்கு வரும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். செங்குத்தான இறக்கத்தில் அதுதான் காலை வாரிவிடும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், உங்களைப் போலவே பல வருடம் மேனுவல் ஓட்டியவர். உதிரிக்கற்கள் நிறைந்த ஓர் இறக்கம். லோ ரேஞ்சில் (சக்கரங்களை மெதுவாக, ஆனால் பலமாகச் சுழற்றும் தனி கியர் அடுக்கு அது) முதல் கியர் போட்டு, இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுக்கச் சொன்னேன். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் தானாகவே இறங்கியது. என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நாம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டால் போதும். பாதி தூரம் அழகாக வந்தார். அப்போது முன் இடது சக்கரம் ஒரு குழியில் இறங்கி, வண்டி சட்டென்று சாய்ந்தது. அவ்வளவுதான், அவருடைய இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் கீழே போயின. வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்சில். ஊருக்குள் யாராவது குறுக்கே வந்தால் நாம் எல்லோரும் செய்வது அதுதானே? கிளட்ச் உள்ளே போன நொடியில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. பிரேக்கில் சக்கரங்கள் இறுகிக் கற்களின் மேல் வழுக்க ஆரம்பித்தன, பின்பக்கம் மெல்லத் திரும்பியது. "கிளட்சை விடுங்கள், கிளட்சை விடுங்கள்" என்று கத்தினேன். காதில் விழுந்ததாகத்தான் பிறகு சொன்னார். கால்தான் கேட்கவில்லை. ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றோம். யாருக்கும் அடியில்லை. அந்த மண்மேடு இருந்தது வலப்பக்கம். இடப்பக்கம் பள்ளம்.

பயந்தவுடன் கால் எங்கே போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆட்டோமேட்டிக்கில் பயந்த காலுக்கு அழுத்துவதற்கு பிரேக் மட்டும்தான் இருக்கிறது. கியர் தொடர்பை நீங்களே தெரியாமல் அறுத்துவிட வழியில்லை. புதிதாகக் கற்கும் இருவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை.

அடுத்தது ஏற்றம். முழங்கால் உயரக் கல் ஒன்றின் மேல் முன் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் பிடித்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றுவோம். அந்த நேரம் முழுவதும் கிளட்ச் தட்டு, என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு உராய்ந்து தேய்கிறது. இரண்டு முறை முயன்று இறங்கினால் அந்தக் கருகிய வாசனை வண்டிக்குள் வந்துவிடும். மூன்றாவது முறை கிளட்ச் பிடிக்கவே பிடிக்காது. காட்டுக்குள் அதை மாற்ற முடியாது, கியர்பாக்ஸையே கழற்றி இறக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எதிரெதிராக வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள், காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒன்றை என்ஜின் சுழற்றுகிறது. அது தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் அந்த எண்ணெயைத் திருப்பிவிடுவதால், வண்டி நின்ற நிலையில் கிளம்பும்போது என்ஜினின் முறுக்குவிசை ஏறக்குறைய 2 மடங்காகக்கூடப் போய்ச் சேரும். வண்டி கல்லின் மேல் அசையாமல் நின்றாலும் என்ஜின் ஆஃப் ஆகாது, தேய்வதற்குத் தட்டும் கிடையாது. எண்ணெய் மட்டும் சூடாகும்.

மணலில் வித்தியாசம் இன்னும் கூடுதல். மணலில் வேகம்தான் உயிர். மேனுவலில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக கிளட்சை மிதித்த அரை நொடியிலேயே மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். ஆட்டோமேட்டிக் விசையை விடாமலேயே கியர் மாற்றும்.

சரி, மேனுவல் எங்கே ஜெயிக்கிறது? இறக்கத்தில் பிடிப்பது அதுதான் பலமாக. பேட்டரி செத்துப்போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது, கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் பம்ப்பே என்ஜின் ஓடினால்தான் ஓடும். தனியாக நாட்கணக்கில் போகிறவர்கள் மேனுவலை விரும்புவதற்கு இது நியாயமான காரணம்.

உங்கள் நண்பர்கள் கிரால் ரேஷியோ என்ற, ஊர்ந்து போகும் திறனைச் சொல்லும் எண்ணையும் காட்டுவார்கள். 2018-இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகானில் மேனுவலுக்கு 84.2, ஆட்டோமேட்டிக்குக்கு 77.2. அதாவது மிகச் சிறிய கியரில் சக்கரம் 1 சுற்று சுற்ற, மேனுவலில் என்ஜின் 84 முறைக்கு மேல் சுற்றுகிறது. 2021 ஃபோர்டு பிராங்கோவின் 7 கியர் மேனுவலில், ஊர்ந்து போவதற்கென்றே ஒரு தனி கியர் வைத்து இந்த எண்ணை 94.75 வரை கொண்டுபோனார்கள். எண் பெரிதாக இருந்தால் வண்டி மெதுவாக, பலமாக ஊரும். உண்மைதான். ஆனால் டார்க் கன்வெர்ட்டர் கூட்டிக்கொடுக்கும் விசை இந்தக் கணக்கில் வராது. 84-க்கும் 77-க்கும் உள்ள இடைவெளியை அது தாண்டிவிடும்.

"ஓட்டத் தெரியாதவர்களுக்கு" என்ற பேச்சுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மேனுவலுக்கே பெயர் போனது, 2016 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு வந்த புதிய டிஃபெண்டரில் 8 கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். பாலைவனத்துக்கும் சுரங்கத்துக்கும் போகிற டொயோட்டா லேண்ட் குரூசர் 70-இலும் 2023-இல் 2.8 லிட்டர் டீசல் என்ஜினோடு ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. அவற்றை ஓட்டுகிறவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை.

கேள்வி: நான் பார்த்திருக்கும் வண்டியில் ஏஎம்டி கியர்பாக்ஸ். விற்பனையாளர் "இதுவும் ஆட்டோமேட்டிக்தான்" என்கிறார். வாங்கலாமா?

இந்த வேலைக்கு வேண்டாம். கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒன்றல்ல. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே உராய்வுத் தட்டுதான் உள்ளே இருக்கிறது, மிதிக்கும் வேலையை மட்டும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. கல்லின் மேல் எவ்வளவு ஹாஃப் கிளட்ச் வேண்டும் என்பது உங்கள் காலுக்குத் தெரியும், அந்தக் கைக்குத் தெரியாது. மேனுவலின் தேய்மானம் உண்டு, மேனுவலின் கட்டுப்பாடு இல்லை.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் அருமையாக இருக்கும். ஆனால் ஊர்ந்து ஏறும்போது அதிலும் கிளட்ச்தான் சறுக்கிச் சூடாகிறது, எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி தன் விசையைக் குறைத்துக்கொள்ளும். சிவிடி என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பிகளும். சேற்றில் ஒரு சக்கரம் சுழன்று திடீரெனப் பிடி கிடைக்கும்போது வருகிற அதிர்ச்சி அந்த பெல்ட்டுக்கு ஆகாது.

டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறதா, லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். சுசூகி ஜிம்னியின் ஆட்டோமேட்டிக்கில் வெறும் 4 கியர்தான். ஆனாலும் லோ ரேஞ்ச் இருப்பதால் பெரிய வண்டிகள் திணறும் இடத்தில் அது ஏறிப் போகும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டேன். இறக்கத்தில் வண்டி ஓடுகிறது, பிரேக் பிடித்துப் பிடித்து வாசனை வருகிறது. என்ன தவறு செய்கிறேன்?

லோ ரேஞ்ச் போடாமல் 'டி'யிலேயே (டிரைவ்) இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இறக்கம் தொடங்கும் முன் சமதளத்தில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து லோ ரேஞ்ச் போடுங்கள், அப்புறம் கியரை கையால் முதலாவதில் நிறுத்திவைத்து இறங்குங்கள். டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் நழுவுவதால் மேனுவல் அளவுக்குப் பிடிக்காது, மீதிக்கு மென்மையாக பிரேக் வேண்டும். இறக்கத்தில் தானாகவே பிரேக் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கண்ட்ரோல் இருந்தால் தயங்காமல் போடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க அதனால் முடியும், நம் காலால் முடியாது.

பாறைகளில் இடது காலுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். வலது கால் ஆக்சிலரேட்டரில், இடது கால் பிரேக்கில். கல்லின் மேல் சக்கரம் ஏறும்வரை வலது கால், உச்சியைத் தாண்டும் அந்தக் கணத்தில் இடது கால். அப்படிச் செய்தால் வண்டி மறுபக்கம் தொப்பென்று விழாது. முதலில் வெற்று மைதானத்தில் பழகுங்கள். கிளட்சை மிதித்தே பழகிய இடது கால் பிரேக்கையும் அதே பலத்தில் மிதித்து உங்கள் நெற்றியை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுபோகும், மென்மை வர சில நாள் ஆகும். சில வண்டிகளில் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்தினால் என்ஜின் விசையைக் குறைத்துக்கொள்ளும். கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ், லோ ரேஞ்ச் இருப்பதும் அதில்தான். அது நியூட்ரலில் இருந்தால் 'பி' (பார்க்) போட்டாலும் வண்டி நிற்காது. 'பி' பூட்டுவது கியர்பாக்ஸை, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல் சக்கரங்களை அதிலிருந்து கழற்றிவிடுகிறது. சரிவில் லோ ரேஞ்ச் மாற்ற முயன்று, லீவர் நடுவில் நின்றிருக்க, 'பி'யை நம்பி இறங்கிப் போகாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகே கால் பிரேக்கிலிருந்து வரட்டும்.

கேள்வி: மேனுவல் வண்டி. செங்குத்தான ஏற்றத்தில் பாதியில் ஆஃப் ஆகிவிட்டால்?

கிளட்சைத் தொடாதீர்கள். கியரில் நிற்கும் செத்த என்ஜினும் ஒரு பிரேக்தான். முதலில் கால் பிரேக்கை முழுதாக அழுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். வண்டி அசையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் கிளட்ச். ரிவர்ஸ் போட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கிளட்சை முழுவதும் விடும் அதே நேரத்தில் கால் பிரேக்கையும் மெதுவாகத் தளர்த்தினால் வந்த தடத்திலேயே வண்டி தானாக நிதானமாகப் பின்னால் இறங்கும். அங்கேயே வண்டியைத் திருப்ப மட்டும் முயல வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே போனால் உருண்டுவிடும்.

கேள்வி: தண்ணீருக்குள் கியர் மாற்றக் கூடாது என்கிறார்களே, ஏன்?

கிளட்சை மிதித்தால் தட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையில் இடைவெளி விழும். கிளட்ச் உறைக்குள் தண்ணீர் வந்திருந்தால் அந்த இடைவெளியில் புகுந்துவிடும், அப்புறம் தட்டு வழுக்கும். அதனால் கரையிலேயே லோ ரேஞ்ச் போட்டு, ஒரே கியரில் அக்கரை சேருங்கள். ஆட்டோமேட்டிக்கில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஆழமான தண்ணீரைக் கடந்து வந்தால் கியர் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸ் போய்விடும்.

கேள்வி: மணலில் ஓட்டும்போது கியர்பாக்ஸ் சூடு என்று விளக்கு எரிந்தது. உடனே என்ஜினை அணைத்துவிட்டேன். சரிதானா?

பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் அணைக்கக் கூடாது. என்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், எண்ணெய் கூலர் வழியாக ஓடாது, சூடு உள்ளேயே தங்கும். மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, விளக்கு அணையும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். பிறகு லோ ரேஞ்சில் கிளம்புங்கள். லோ ரேஞ்சில் டார்க் கன்வெர்ட்டர் குறைவாக நழுவும், சூடும் குறையும். இறக்கம் பார்த்து நிறுத்தியிருந்தால் அந்த முதல் பத்தடிக்கு மணலும் உங்களை அதிகம் பிடிக்காது.