அண்ணாவிக்குத் தன் குரல் கேட்கணும்: மேடை மானிட்டர் கேள்வி பதில்

தக்கலைப் பக்கம் பல வருஷமாக மைக் செட் போடுகிறேன். பாடுகிறவர்களைப் பார்த்துத் தரையில் சாய்த்து வைப்போமே, அந்த மானிட்டர் பாக்ஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஆறு பேர், ஒரு கீபோர்டு. 10 இஞ்ச் வாங்கவா, 12 இஞ்சா?

குரலுக்கும் கீபோர்டுக்கும் 10 இஞ்ச் ஸ்பீக்கர் தாராளம், தூக்கவும் லேசு. டிரம்ஸ், பேஸ் கிடார் சேர்ந்தால் 12 பாருங்கள். மூன்று பேருக்கு ஒன்று வீதம் இரண்டு போதும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பாக்ஸ் நல்லது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் மிக்சரில் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ், அதாவது கூட்டத்துக்குப் போகும் சத்தத்தோடு சேராமல் மானிட்டருக்குத் தனியாக அனுப்பும் வழி, இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், ஆட்களுக்குப் போகும் சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் மேடையிலும் குறையும். பாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

நாகர்கோவிலிலிருந்து: கடையில் 1000 வாட் என்கிறார்கள். நம்பலாமா?

அது பெரும்பாலும் பீக் கணக்கு, கண நேரம் மட்டும் தாங்குவது. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் வாட்) எவ்வளவு, அதிகபட்ச எஸ்.பி.எல். (வெளியே வரும் சத்தத்தின் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பாக்ஸை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால், திறந்த வெளியில் 6 டெசிபல் வரை சும்மா கிடைக்கும்.

சுசீந்திரத்திலிருந்து: அண்ணாச்சி, நாங்கள் வில்லுப்பாட்டுக் குழு. கோயில் கொடை விழாவுக்குப் போகும் இடத்திலெல்லாம், மானிட்டர் வைத்தும் தன் குரல் கேட்கவில்லை என்கிறார் தலைமைப் பாடகரான அண்ணாவி. கூட்டினால் ஊளையிடுகிறது.

அந்தப் பாக்ஸின் சாய்வு நின்று பாடுகிறவருக்காகச் செய்தது. நீங்களோ எல்லோரும் தரையில் உட்காருகிறீர்கள். சத்தம் அண்ணாவியின் தலைக்கு மேலே போய்விடுகிறது. பாக்ஸின் பின்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, முகத்தைத் தாழ்த்தி அவர் காதுக்குத் திருப்புங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

அப்புறம் மைக். பாக்ஸ் சத்தத்தை மைக் திரும்பப் பிடிப்பதால்தான் ஊளை. எஸ்.எம்.58 மாதிரி கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும்) மைக்குக்கு நேர் பின்புறம்தான் செவிடு. பாக்ஸ் அந்தத் திசையில் இருக்கணும். அதைவிடக் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், முன்பக்கத்திலிருந்து 125 டிகிரி வாக்கில்தான் கேட்காது. அதற்குப் பாக்ஸைச் சற்று ஒதுக்கி வைக்கணும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு.

உடுக்கையும் குடமும் மானிட்டரில் வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே அடிக்கிறார்கள், கேட்காமலா போகும்? ஒரு கொடையில் நான் குடத்துக்கு மைக் வைத்து அதை மானிட்டரிலும் விட்டேன். பாதிக் கதையில் யாரும் தொடாமலே குடம் முழங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணாவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அண்ணாவி குரல், பின்பாட்டுக் குரல் இரண்டை மட்டும் அனுப்புங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை மிக்சரில் வெட்டிவிடுங்கள். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால், ஊளைக்கு முன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் நஷ்டம். பாடாத மைக்கை மூடி வையுங்கள்.

குலசேகரத்திலிருந்து: வீட்டில் ஸ்டூடியோ மானிட்டர் ஒரு ஜோடி இருக்கிறது. கல்லூரி மேடையில் வைக்கலாமா அண்ணே?

வேண்டாம் மக்கா. மேஜை முன்னால் உட்கார்ந்து கேட்கச் செய்தது அது. மேடைச் சத்தத்துக்கு ஈடாகக் கூட்டினால் கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) போய்விடும்.

குளச்சலிலிருந்து: கடற்கரையில்தான் எங்கள் நிகழ்ச்சிகள். உப்புக்காற்றில் பாக்ஸ் தாங்குமா?

பாக்ஸைவிட சீக்கிரம் பழுதாவது ஒயர் முனைகள்தான். முனையிலுள்ள ஊசி (பின்) கறுத்தால் கரகரக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். இரும்பு வலை துருப்பிடிக்காமலிருக்க, நிகழ்ச்சி முடிந்த அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்து உறை போடுங்கள். ஈரத்தோடு உறை போட்டு மூடினால், போடாததைவிட மோசம்.