வேளாண் பட்டம் இருந்தும் ஜெர்மனியில் மறுபடியும் பயிற்சி எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

வேளாண்மையில் பட்டம் பெற்றவர் இங்கு இயற்கை வேளாண் பண்ணையில் வேலை செய்ய மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியை முதலிலிருந்து தொடங்கத்தான் வேண்டுமா, அது ஒரு படி கீழே இறங்குவதாகாதா என்று கேட்டிருந்தீர்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே தயக்கத்தோடு வந்தவன் நான். அது இறக்கம் அன்று என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஜெர்மனியில் விவசாயம் பயிற்சி பெற்று, தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெறக்கூடிய தொழில். அவுஸ்பில்டுங் என்னும் பயிற்சியில் அங்கீகாரம் பெற்ற பண்ணையில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமும் சேர்ந்தே நடக்கும். உங்கள் முன்கல்வியைக் காட்டி, நீங்களும் பயிற்றுநரும் சேர்ந்து விண்ணப்பித்தால், காலத்தைக் குறைத்துத் தருவதற்கு வழி உண்டு.

பட்டம் எனக்கு நைட்ரஜன் சுழற்சியைக் கற்றுத் தந்திருந்தது. எந்த நாள் காலையில் வயலுக்குள் இறங்க வேண்டும் என்பதைப் பயிற்சிதான் கற்றுத் தந்தது. இயற்கை வேளாண்மையில் செயற்கை நைட்ரஜன் உரத்துக்கு இடமில்லை என்பதால், பயிர்ச்சுழற்சியில் தீவனப்புல்லும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் குளோவர் என்னும் தீவனச் செடியும் கலந்து விதைத்து, அவற்றை எப்போது மடக்கி உழுவது என்பதைக் கொண்டே அடுத்த கோதுமையின் விளைச்சல் அமைகிறது. களைக்கொல்லியும் இல்லை. களை மண்ணுக்குள் வெள்ளை நூல் போல் முளைவிட்டிருக்கும்போதே மண்ணை மேலாகக் கீறும் பல்வரிசைக் கருவியை ஓட்டினால் அது காய்ந்துவிடும். இலைகள் விரிந்து வேர் பிடித்த பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் பெரும்பகுதி தப்பிவிடும். அந்தச் சில நாள் இடைவெளியைக் கண்டுகொள்ளும் கண், வயலில் குனிந்து மண்ணைக் கீறிப் பார்த்துப் பார்த்தே வரும். ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு மண்ணைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கட்டி எப்படி உடைகிறது, வேர் எங்கே வளைந்து திரும்புகிறது, மண்புழுத் துளைகள் உள்ளனவா என்று படிக்கவும் அங்குதான் கற்றேன். டிராக்டரின் எடையால் மண் எந்த ஆழத்தில் இறுகியிருக்கிறது என்பதை அந்த ஒரு கட்டியே காட்டிவிடும்.

ஆனால் பண்ணையைத் தேர்வதில் அவசரப்படாதீர்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்காகக் காரட் கழுவிப் பெட்டியில் அடுக்கும் வேலையை மட்டுமே தந்தார்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் எழுத எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சில நாள் அங்கு வேலை செய்து பாருங்கள். யார் கற்றுத் தருவார், எந்தெந்த வேலைகள் எப்போது கைக்கு வரும் என்று நேராகவே கேளுங்கள். ஒன்று முதல் நான்கு மாதம் வரையிலான சோதனைக் காலத்தில் முன்னறிவிப்பின்றி விலகும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. ஆண்டுக்கொரு பண்ணை மாறுவது இங்கு வழக்கமே. ஆகவே ஓராண்டு மாட்டுப் பண்ணையிலும் ஓராண்டு காய்கறிப் பண்ணையிலும் கழிப்பது நல்லது.

பயிற்சியே வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை ஆண்டு, இத்தொழிலில் வேலை செய்ததற்குச் சான்று காட்டினால் இறுதித் தேர்வை நேரடியாக எழுதலாம்; வெளிநாட்டில் வேலை செய்த காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது சட்டம். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இது உதவும், எனினும் கற்றுத் தர ஆளில்லாமல் கழியும் நாலரை ஆண்டை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிர்ப் பாதுகாப்பு மருந்து தெளிக்கத் தனித் தகுதிச் சான்று வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியும் உண்டு. இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட மருந்துகளைத் தெளிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மொழியை இன்றே தொடங்குங்கள். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்பார், அதை ஜெர்மன் மொழியில்தான் சொல்ல வேண்டும். இந்த வசந்தத்தில் நடந்து போகும் வழியிலுள்ள களைகளின் பெயர்களிலிருந்தே ஆரம்பிக்கலாம்.