எட்டு பேர் போதுமா?

கேள்வி: நல்லதொரு மாற்றத்துக்காக நாங்கள் எட்டு பேர் இரண்டு ஆண்டுகளாகக் கூடிப் பேசி வருகிறோம். கூட்டம் சேரவே மாட்டேன் என்கிறது. போன மாதம் போட்ட கூட்டத்துக்கு எங்களைத் தவிர மூன்று பேர்தான் வந்தார்கள். ஆள்பலம் இல்லாமல் சமூகத்தை மாற்ற முடியுமா? பேசாமல் கலைந்துவிடலாமா?

பதில்: கலைய வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் ‘கூட்டம்’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. என்ன மாற்றம் வேண்டும், அதை யார் செய்து தர வேண்டும் என்பது ஓரிடத்திலும் இல்லை. உங்களோடு சேர நினைப்பவர்கூட எதில் சேருவார், சொல்லுங்கள்?

1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடினார்கள். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பிரமாணம் எடுப்பது அவர்கள் சமயத்துக்கு ஒவ்வாது என்பதால் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவே அமர முடியாதவர்கள். ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்கும் வணிகத்தை ஒழிக்கக் கிளம்பியவர்கள் இவர்கள்தான். பெரிய துறைமுகங்களும் பெரும் பணக்காரர்களும் அந்த வணிகத்தில் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது.

தொடக்கத்திலேயே அவர்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. அடிமை முறையையே ஒழிக்கச் சொல்வதா, அடிமை வணிகத்தை மட்டும் நிறுத்தச் சொல்வதா? முழுதாகக் கேட்க வேண்டும் என்றார் கிரான்வில் ஷார்ப். மற்றவர்கள் வணிகத்தை மட்டும் குறிவைத்தார்கள். வணிகம் என்றால் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் நிறுத்திவிடலாம். அடிமை முறை என்றால் சொத்துரிமை என்று எல்லாரும் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. மனதளவில் நான் ஷார்ப்பின் பக்கம். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 வரை வரவில்லை. அதுவரை அடிமைப்பட்டவர்கள் கொடுத்த விலை பெரிது. ஆனாலும் ‘இதைச் செய், இந்தச் சபையில் செய்’ என்று விரல் நீட்டிக் கேட்க அந்த 12 பேருக்கு ஒன்று இருந்தது. உங்களுக்கு அதுதான் இல்லை.

அப்புறம் வேலை. அவர்களில் ஒருவரான தாமஸ் கிளார்க்சனுக்கு அப்போது வயது 27. குதிரையேறித் துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கினார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கால்விலங்கு, சாப்பிட மறுக்கும் அடிமையின் வாயை நெம்பித் திறக்கும் கருவி எல்லாம் வெளிப்படையாக விற்பனைக்கு இருந்தன. காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். இந்த வணிகம் நாட்டுக்கு நல்ல மாலுமிகளை உருவாக்குகிறது என்பது எதிர்த்தரப்பின் பெருமை. கிளார்க்சன் கப்பல்களின் ஆள்பட்டியலைப் புரட்டி, போனவர்களில் எத்தனை மாலுமிகள் செத்தார்கள் என்று பேர் பேராக எண்ணிக் காட்டினார். பெருமை அதோடு அடங்கியது. கைதட்டல் கிடைக்காத வேலைதான். ஆனால் நாடாளுமன்றத்தில் பேச எழுந்தவர்களுக்கு அந்தக் காகிதங்கள்தான் ஆயுதம்.

1789இல் அவர்கள் ஒரு படம் அச்சிட்டுப் பரப்பினார்கள். ‘புரூக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் குறுக்குவெட்டு. 482 மனித உருவங்கள் விறகு அடுக்கியதுபோல் படுத்திருக்கும். ஆண் ஒருவருக்கு ஆறு அடி நீளம், பதினாறு அங்குல அகலம். கையிலிருக்கும் இந்த இதழை விரித்து மடியில் வையுங்கள். ஏறக்குறைய அந்த அகலம்தான். அதற்குள் வாரக்கணக்கில் கடலில் ஒரு மனிதன். அதைப் பார்த்தவருக்கு அதற்குமேல் சொற்பொழிவு தேவைப்படவில்லை.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவுமில்லை. அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டில் சேர்ப்பதில்லை என்று லட்சக்கணக்கானோர் முடிவெடுத்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். ஓட்டுரிமை இல்லாதவர்கள், தங்கள் சமையலறையிலிருந்தே செய்ய முடிந்த போராட்டம். 1792இல் மட்டும் நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் போயின. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், மறுக்கவில்லை. ஊர் வந்தபோது பிடிக்க வடம் தயாராக இருந்தது. உங்கள் கூட்டத்துக்கு வந்த அந்த மூன்று பேருக்கு என்ன வேலை கொடுத்து அனுப்பினீர்கள்?

அடிமை வணிகத்தை நிறுத்தும் சட்டம் 1807இல் வந்தது. இருபது ஆண்டுகள்! நீங்கள் இரண்டு ஆண்டில் சலித்துவிட்டீர்கள். அந்த 12 பேர் மட்டும் சாதித்ததாகவும் எண்ண வேண்டாம். அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா இக்வியானோ ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொன்னார். கரீபியத் தீவுகளில் அடிமைகளே உயிரைக் கொடுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது பாவம்.

சிறிய குழு என்பதாலேயே அது நல்ல குழு ஆகிவிடாது. கலவரம் மூட்டுவதும் பெரும்பாலும் நாலு பேர்தான். ஆகவே சிறியதாக இருப்பதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு குழுவையும் நினைத்துப் பார்க்கிறேன். 1977 ஏப்ரல் 30, அர்ஜென்டினாவின் தலைநகரில் மாயோ சதுக்கம். ராணுவ ஆட்சி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று கேட்டு 14 தாய்மார்கள் வந்து நின்றார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடையைக் கட்டுங்கள் என்றது போலீஸ். சரி என்று கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றியே நடந்தார்கள். அன்று சனிக்கிழமை, பார்க்க ஆளே இல்லை. அதனால் கிழமையை மாற்றினார்கள், கடைசியில் வியாழன் என்று நிலைத்தது. அந்த டிசம்பரிலேயே முன்னின்ற அசுசேனா விஜாஃப்ளோர் உட்பட மூன்று தாய்மார்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் மறுபடியும் வந்து நடந்தார்கள். ராணுவ ஆட்சி 1983இல் போனது. வியாழக்கிழமை நடை அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆள் வரவில்லை என்றதும் அவர்கள் மாற்றியது கிழமையைத்தான். கேள்வி அப்படியே இருந்தது: எங்கள் பிள்ளைகள் எங்கே?

எட்டு பேரும் ஒரு நாள் உட்காருங்கள். ஒரே கோரிக்கை, அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ள ஒருவர், உங்களிடம் இருக்கும் சான்று, புதிதாக வருபவர் அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை. இவற்றை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதவே வேண்டாம்.