விட்டுப்போகும் டீச்சர்

அன்பின் ஐயாவுக்கு,

வணக்கம். மலையகப் பாடசாலைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவள் நான். மஸ்கெலியாவுக்கு அப்பால், பஸ் திரும்புகிற சந்தியிலிருந்து இன்னும் மேலே ஏறிப்போக வேண்டிய ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியே வந்ததும் முதல் நியமனமே அங்கேதான். எட்டு வருடத்துக்குப் பிறகு இப்போது வீட்டுக்குக் கிட்டிய நகரப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கியது. பதிலாள் வரும்வரை விடமுடியாது என்று ஒரு தவணை இழுத்தடித்தார்கள். கடைசியில் பதிலாள் வராமலேயே விடுவிப்புக் கடிதம் தந்துவிட்டார்கள்.

கணிதத்துக்கு என்று போனவள் விஞ்ஞானமும் எடுத்தேன். யார் வராவிட்டாலும் அந்த வகுப்பையும் நான்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் என் பிள்ளையோடு கதைக்கவும் வாய் வராது. போன வருடம், போனை வாங்கி வைத்த கோபத்தில் தரம் 9 பையன் ஒருவன் கதிரையைத் தூக்கி எறிந்தான். என் மணிக்கட்டில் பட்டது. "விடுங்க டீச்சர், பெரிசாக்க வேணாம்" என்றார் அதிபர். பையனின் அப்பா குடித்துவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்று என்னைத்தான் ஏசினார். அதற்குப் பிறகு அந்த வகுப்புக்குள் காலை வைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பிரியாவிடைக்குப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். சிலர் அழுதார்கள், நானும் அழுதேன். அந்தப் பையன் அன்று வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. தரம் 11 பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்கலாமா என்று என் நம்பரைக் கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நானும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான் ஐயா. நம் சனத்தை நானே விட்டுவிட்டு ஓடுகிறேனா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்பின் டீச்சர்,

பெயரையும் தோட்டத்தையும் எடுத்துவிட்டு, கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓடவில்லை. செய்யவேண்டிய காலத்தைச் செய்து முடித்து, விண்ணப்பித்து, காத்திருந்து, கிடைத்த பிறகு போகிறீர்கள். கொழும்பிலோ கண்டியிலோ ஓர் ஆசிரியை மாறிப்போனால் யாரும் அவரைத் துரோகி என்று நினைப்பதில்லை, அவரும் தன்னை அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை. மலையில் மட்டும் ஏன் அந்தக் கேள்வி நித்திரையைக் கெடுக்கிறது என்பதைத்தான் கொஞ்சம் விரித்துப் பேச நினைக்கிறேன்.

உங்கள் களைப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு 40 என்றிருந்த நேரசூசி உங்களுடையது. ஒரு பாடத்துக்கு என்று வந்த ஆசிரியைக்கு நேரசூசியில் சில வெற்றுப் பாடவேளைகள் இருக்கும். கொப்பி திருத்த, அடுத்த பாடத்துக்கு ஆயத்தமாக, ஒரு பிளேன்டீ குடிக்க. விஞ்ஞானத்துக்கு ஆளில்லாததால் உங்களுக்கு அதில் பாதி போனது. வராதவர்களின் வகுப்புகளைப் பார்த்ததில் மிச்சமும் போனது. இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றுண்டு. நீங்கள் போய் நின்றபடியால் அந்த வகுப்பில் சத்தம் வரவில்லை. சத்தம் வராத வகுப்பைப் பற்றி எந்த அதிபரும் வலயக் கல்விப் பணிமனைக்கு அழுத்தி எழுதமாட்டார். வலயமும் அதை மாகாணத்தின் காதில் போடாது. வெற்றிடம் கடதாசியில் இருந்தது, பாரம் உங்கள் முதுகில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சொந்தப் பிள்ளையோடு கதைக்க வாய் வராமல் போனதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேரின் வேலையை வருடக்கணக்காக ஒருத்தி செய்தால் உடம்பு அப்படித்தான் சொல்லும்.

நான் படித்தது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். நீளமான ஒரே மண்டபம், நடுவில் தடுப்பு கிடையாது, அதற்குள் ஐந்து வகுப்பு. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது நாலாம் வகுப்பு திருக்குறள் சொல்லும். இரண்டும் கலந்துதான் காதில் விழும். எங்களுக்கு எல்லாப் பாடமும் படிப்பித்த வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். வருடத்தின் நடுவில் மாற்றலாகிப் போனார். "வாத்தியாரு நம்மள விட்டுட்டு ஓடிட்டாரு" என்று லயம் முழுக்கப் பேச்சு. என் அம்மாவும் அதையேதான் சொன்னார். அடுத்தவர் வர மாதங்கள் ஆகின. அதுவரை பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி பிரம்போடு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் புத்தகத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவோம். எழுதி முடித்தால் அதே பக்கத்தைத் திரும்பவும் எழுதுவோம். வாத்தியாரை ஏசிய ஒருவராவது, அடுத்த ஆளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றே எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. முகம் தெரிந்தவர் வாத்தியார் ஒருவர்தான். ஏச்சும் அவருக்கே போனது.

இந்த நிலைமைக்கு நீளமான வரலாறு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கப் படிப்பிக்கும் பொறுப்பைத் துரைமார் என்ற தோட்ட முகாமையாளர்கள் மேல் போட்ட சட்டம் 1907இல் வந்தது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கே வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1948இல் நம் சனத்தின் குடியுரிமையும் போனது. வாக்கில்லாத சனத்தின் பாடசாலையைப் பற்றி யார் பேசுவார்? அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதற்குப் பிறகு சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் எழும்பின. கட்டடம் வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை. ஒரு கட்டத்தில் நம் பிள்ளைகளையே ஆசிரிய உதவியாளர்கள் என்று சேர்த்து, மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவோடு வகுப்பில் நிறுத்தினார்கள். பஸ் காசுக்கே காணாத பணம் அது. அவர்களிடமும் சமூகத்துக்குச் செய்யும் சேவை என்றுதான் சொல்லப்பட்டது.

ஆக, காலங்காலமாக யாரோ ஒருவரின் தியாகத்தை நம்பித்தான் மலையகக் கல்வி நடக்கிறது. ஆசிரியர் தின மேடையில் பொன்னாடை போர்த்தி, அர்ப்பணிப்புள்ள ஆசிரியை என்று புகழ்ந்துவிட்டு, மறுநாள் அதே ஆசிரியையை ஆளில்லாத மூன்று வகுப்புக்கு அனுப்புகிறோம். அந்தப் பொன்னாடையைக் கண்டாலே எனக்கு வயிறெரிகிறது. உங்கள் குற்றவுணர்வு அங்கேயிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். ஓர் உத்தியோகத்தை விட்டு இன்னோர் உத்தியோகத்துக்குப் போகிறீர்கள். பிள்ளைகளைக் கைவிட்டதாக உங்களை நினைக்க வைத்தது, அந்த உத்தியோகத்தைத் தியாகமாக்கி வைத்த நாங்கள் எல்லோரும்.

அந்தப் பையனிடம் வருகிறேன். கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த வரிகளைத்தான்.

வறுமையைச் சொல்லி அவன் எறிந்த கதிரையை நான் நியாயப்படுத்தமாட்டேன். அதே லயத்தில், அதே காம்பரா அறையில், எத்தனையோ பிள்ளைகள் கதிரை எறியாமல் வளர்கிறார்கள். உங்களுக்கு வலித்தது, பயம் வந்தது. ஒரு வருடம் அந்தப் பயத்தோடேயே போய் அவனுக்கும் சேர்த்துக் கணக்குப் படிப்பித்திருக்கிறீர்கள். கடைசி நாளில் அவன் இல்லை என்று கண்டதும் மனம் இளகியதில் அருவருக்க என்ன இருக்கிறது? இன்றைக்குப் பயப்படத் தேவையில்லை என்று உடம்புக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அவனுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லையே.

பெரிசாக்க வேண்டாம் என்று சொன்னதுதான் அங்கே நடந்த பிழை. அந்தப் பேச்சு உங்களையும் தனியாக விட்டது, அவனையும் தனியாக விட்டது. சம்பவத்திரட்டில் அதை எழுதியிருக்க வேண்டும். பையனையும் தகப்பனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதைத்திருக்க வேண்டும். அவன் முன்னால் யாராவது ஒரு பெரியவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால், அவனுக்கும் அது ஒரு பாடமாக இருந்திருக்கும். கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக உயர்த்தினார்கள். சட்டம் அப்படியிருக்க, நம் பையன்களில் எத்தனை பேர் தரம் 9இலேயே மனத்தால் போய்விடுகிறார்கள்! கொழும்புக் கடையில் நிற்கும் மச்சான் தீபாவளிக்குப் புதுப் போனோடு வருவான். அதைப் பார்த்த கண்ணுக்கு இயற்கணிதம் எப்படித் தெரியும்? நீங்கள் வாங்கி வைத்த போன் அவனுக்கு என்னவாக இருந்தது என்று எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும், உங்கள் மணிக்கட்டு வலியை விட அது பெரிது என்று சொல்லமாட்டேன்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வருவதில்லை, கேட்டில் நின்று ஏசத்தான் வருகிறார்கள் என்ற மனத்தாங்கல் உங்களுக்கு இருக்கும். கொழுந்து எடுக்கிற தாய் பத்து மணிக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் நிர்ணயித்தார்கள். அன்றைய நாட்சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பாடசாலைக்கு வரவேண்டும். குடித்துவிட்டு வந்து ஒரு பெண்ணை ஏசுகிற தகப்பனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவரை மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இனி, போகிற வழியில் நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. இதைக் கடமை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு பாரமாக ஏற்றிக்கொள்ளவேண்டாம்.

அடுத்து வரப்போகிறவருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். பாடத்திட்டத்தில் எங்கே விட்டீர்கள் என்பது பாடக்குறிப்பில் இருக்கும். அங்கே இல்லாதவற்றை எழுதுங்கள். பின் வாங்கில் இருக்கும் எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, யார் காலையில் தம்பியைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருவதால் முதல் பாடத்துக்குப் பிந்துகிறாள், யாருக்கு மறை எண் வந்தால் எல்லாம் குழம்புகிறது, யார் வெறும் வயிற்றோடு வந்து பத்தரை மணிக்குத் தலையைக் கவிழ்க்கிறான். அந்தப் பையனின் பெயரையும் சேருங்கள். கதிரை எறிந்தான் என்பதோடு நிறுத்தாமல், அவனுக்கு எந்தக் கணக்கு வரும் என்பதையும் எழுதுங்கள். அவனுக்கு வருகிற கணக்கு ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிரதியை அதிபரிடமும், இன்னொன்றை உங்கள் வலயத்துக் கணித ஆசிரிய ஆலோசகரிடமும் கொடுங்கள்.

இரண்டாவது, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம். நீங்கள் இருந்தபோது எந்தெந்தப் பாடத்தை எந்தெந்த வகுப்புக்கு எடுத்தீர்கள், அதில் உங்கள் நியமனத்துக்கு உரியது எது, மற்றவை யாருடைய வெற்றிடம் என்று எழுதுங்கள். முறைப்பாடாக எழுத வேண்டியதில்லை, விபரமாக எழுதினால் போதும். பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்கும் ஒரு பிரதி. நீங்கள் போன பிறகு "டீச்சர் ஓடிட்டாங்க" என்று பேச்சு வரும்போது, அந்தக் குழுவில் இருக்கும் ஒரு தகப்பனின் கையிலாவது அந்தக் கடதாசி இருக்கட்டும். எங்கள் அம்மாமாருக்கு யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் போனது. இவர்களுக்குத் தெரியட்டும்.

நானும் லயத்தில் பிறந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். மஸ்கெலியாவோ ஹட்டனோ, நீங்கள் போகிற நகரப் பாடசாலையின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். தோட்டத்து பஸ்களிலிருந்து இறங்குகிற பிள்ளைகள் யார்? நம் சனம் அங்கேயும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கிற பிள்ளையும் நம் சனம்தான், அந்தப் பிள்ளைக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரம் கதைக்கிற அம்மா வேண்டும்.

நம்பர் விஷயம். கொடுங்கள். ஆனால் தனித்தனியாகக் கொடுக்கவேண்டாம். தரம் 11க்கு ஒரு குழு தொடங்குங்கள், அங்கே இருக்கும் ஆசிரியர்களில் ஒருவரையும் அதில் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் என்று நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற நேரத்தில் வருகிற கேள்விகள் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கட்டும். சிக்னல் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். கேள்வியைக் கொப்பியில் எழுதி, சிக்னல் உள்ள பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். நேரம் குறைவு என்பதால் முதலாம் வினாத்தாளின் 25 குறுவினாக்களிலேயே நில்லுங்கள். சித்தி எல்லையில் தடுமாறுகிற பிள்ளைக்கு அங்கேதான் புள்ளி இருக்கிறது, இது என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை முடிந்த கிழமையே குழுவை மூடிவிடுங்கள். மூடப்போவதை இப்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.