துரோகம் செய்ய ஒரு காரணம்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் 1806 வேலூர் கோட்டைப் புரட்சியை வைத்து ஒரு ரோல்பிளேயிங் கேம் செய்துகொண்டிருக்கிறோம். விளையாடுபவர் ஒரு சிப்பாய். திட்டத்தை ஆங்கிலேய அதிகாரியிடம் போட்டுக்கொடுக்கும் வழியும் உண்டு, அதற்கு நிறையப் பொற்காசு வைத்திருக்கிறோம். ஆனால் விளையாடிப் பார்த்த யாருமே அந்தப் பக்கம் போகவில்லை. காசைக் கூட்டலாமா?

– ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டாதீர்கள். கேமில் காசு எப்படியும் சேர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகக் கூட இருந்தவனைக் காட்டிக்கொடுக்க மனசு வராது. அதிலும் நம் வேலூர், மக்கான் பக்கத்துப் புரட்சி நினைவுத்தூணுக்கு ஜூலை 10 அன்று மாலை போடுகிற ஊர். விளையாடுகிறவர் தான் யார் பக்கம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்காருவார்.

2008-ல் வந்த ஃபால்அவுட் 3 என்ற கேமில் மெகாடன் என்ற ஊரை அணுகுண்டால் அழிக்கலாம். ஏன்? கோபுரத்தில் வாழும் ஒரு பணக்காரருக்கு அந்த ஊர் கண்ணை உறுத்துகிறது. அது அவருடைய காரணம், நமக்கு வெடிப்பதைப் பார்க்கும் ஆசை மட்டும்தான். 2013-ல் வந்த பேப்பர்ஸ், ப்ளீஸ் வேறு மாதிரி. எல்லைச் சாவடியில் எத்தனை பேரைப் பார்த்து அனுப்புகிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. பொழுது சாய்ந்தால் வாடகை, சாப்பாடு, மருந்து என்று கணக்கு வந்து நிற்கும். லஞ்சம் வாங்குகிறோம், கெஞ்சுகிறவரைத் திருப்பி அனுப்புகிறோம், கெட்டவன் என்ற நினைப்பே வருவதில்லை.

உங்கள் சிப்பாய்க்கு அதே படையில் ஒரு தம்பியைக் கொடுங்கள். கோபக்காரன், திட்டத்தில் முன்னால் நிற்கிறவன். ஆங்கிலேயர் கட்டாயமாக்கிய புதுத் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களில் இரண்டு பேருக்கு 900 கசையடி என்று தீர்ப்பானதே, அந்தச் செய்தி பாசறைக்கு வரும்போது அண்ணன் தம்பி முகத்தைப் பார்க்கட்டும். அப்புறம் அண்ணன் அதிகாரியிடம் போவது காட்டிக்கொடுக்க இல்லை, தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் கேட்க. ஏன் இத்தனை அவசரம் என்று அதிகாரி கேட்கிறார். ஒரு பொய், அது நிற்காமல் ஒரு பெயர், அப்புறம் இன்னொரு பெயர். ஒவ்வொரு இடத்திலும் திரும்பி வரவும் வழி வையுங்கள், இல்லையென்றால் அது அவர் எடுத்த முடிவாக இருக்காது.

முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே உண்மையில் புரட்சித் திட்டத்தை அதிகாரியிடம் போய்ச் சொன்னார். நம்பவில்லை, பைத்தியம் என்று சொல்லி அவரையே அடைத்துவைத்தார்கள். பரிசெல்லாம் எல்லாம் முடிந்த பிறகுதான். இதை விட்டுவிடாதீர்கள்: துரோகமும் செய்தாயிற்று, தம்பியும் தப்பவில்லை என்ற நிலையில் விளையாடுகிறவர் அடுத்து என்ன செய்வார் என்பதுதான் உங்கள் கேமின் நல்ல பகுதியாக இருக்கும்.

வாயை மூடிக்கொண்டு இருந்தவருக்கும் விலை வேண்டும். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்ததும், அகப்பட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்த வரிசையில் தம்பியும் நிற்க வேண்டும். அப்போதுதான் காட்டிக்கொடுக்கும் வழியை விளையாடுகிறவர் உண்மையாகவே யோசிப்பார்.

பொற்காசை முழுக்க எடுத்துவிட்டு, தம்பி வரும் காட்சிகளை மட்டும் முதலில் சேர்த்து, இதுவரை விளையாடாத சிலரிடம் கொடுத்துப் பாருங்கள். யார் எந்த இடத்தில் திரும்பி வந்தார்கள் என்று குறித்துவைத்து எனக்கும் எழுதுங்கள்.